காவலாளியும் அவர் வந்த வண்டியும்

அவையைக் கட்டிக்காக்கும் தலைவர் அவர்களே, அறிவிலும் அனுபவத்திலும் மூத்த பெரியோர்களே, நோயையே நோகடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, முதல் வரிசையில் கைக்கடிகாரத்தைக் காட்டி என்னை மிரட்டும் என் நாத்தனாரே, அனைவருக்கும் வணக்கம்.

சிரிக்காதீர்கள். பேச்சே அவரைப் பற்றியதுதான், அனுமதி வாங்கிவிட்டேன்.

மருந்தால் சுருங்கிய அவருடைய புற்றுநோய்க் கட்டி மறுபடி வளர்ந்தது. "ஒரு வேளைகூடத் தவறவிடலையே அண்ணி, அப்புறம் ஏன்?" என்றார்.

ஏன்? அவர் குற்றமா? மருத்துவர் குற்றமா? இரண்டும் இல்லை. நம் உயிரணுவுக்குள் கட்டளைகள் கடிதங்களாகப் போகின்றன. வேண்டாத கடிதத்தை மறிக்கும் சின்னஞ்சிறு காவலாளிதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. சில புற்றணுக்களில் அந்தக் காவலாளி குறைந்துபோகிறார். 'பம்பு கட்டு' என்ற கடிதம் தடையின்றிப் போகிறது. உள்ளே வந்த மருந்தைப் பம்பு வெளியே இறைத்துக் கொட்டுகிறது.

காவலாளியைத் திருப்பி அனுப்பினால்? எங்கள் ஆய்வகத்தில் அவரைக் கொழுப்புத் துளிக்குள் வைத்து, கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றணுக்களுக்குள் பழைய மருந்தோடு அனுப்பினோம். மறுநாள் என் மாணவி ஓடி வந்தாள். "மேடம், தட்டுல எல்லாம் காலி."

செய்தி வீட்டுக்கு என்னைவிட வேகமாகப் போனது. "அதையே எனக்குப் போடுங்க அண்ணி. கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார் நாத்தனார்.

மறுத்தேன். மனிதருக்குப் போடும் நிலையில் அது இல்லை. தட்டில் கண்ட முடிவிலேயே எனக்குச் சந்தேகம். "தங்கச்சி உயிர் விஷயத்திலயும் சந்தேகமா?" என்று கேட்டுவிட்டு என் கணவர் என்னோடு பேசுவதையே நிறுத்தினார். வீடு நிசப்தம், எனக்கு வசதிதான்.

மாணவியிடம் கேட்டேன்: "வெறும் கொழுப்பு மட்டும் போட்ட தட்டு எங்கம்மா?"

"அது... வைக்கல மேடம்."

வைத்தோம். அதிலும் எல்லாம் காலி. கொன்றது கொழுப்பு.

இதை நாத்தனாரிடம் சொன்னேன். அவர் கேட்டார்: "அப்போ காவலாளி ஒண்ணும் பண்ணல, அவர் வந்த வண்டியே எல்லாரையும் இடிச்சுடுச்சா?"

ஆம், அதேதான். கொழுப்பைக் குறைத்துத் திரும்பச் செய்தோம். இம்முறை வெறும் கொழுப்புத் தட்டில் அணுக்கள் பிழைத்தன. காவலாளி போன தட்டில் பழைய மருந்து ஓரளவு மீண்டும் வேலை செய்தது. ஓரளவுதான். ஆனால் உண்மை.

இதற்கிடையே மருத்துவர், அந்தப் பம்பால் இறைக்க முடியாத வேறு மருந்துக்கு அவரை மாற்றினார். கட்டி சுருங்கியது.

முதல் வரிசையில் ஏதோ சொல்கிறார்கள். "சீக்கிரம் முடிங்க அண்ணி"யாம்.

நம்பிக்கை வேண்டாமா நண்பர்களே? வேண்டும். நாளைய மருந்து வேண்டாமா? வேண்டும். ஒவ்வொரு நம்பிக்கைக்குப் பக்கத்திலும் ஒரு வெறும் தட்டும் வேண்டும். அன்று நான் தலையாட்டியிருந்தால், இன்று என்னை அவசரப்படுத்த அங்கே யார் இருந்திருப்பார்கள்?

கடிகாரத்தைத் தட்டும் அந்தக் கைக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி, வணக்கம்.