கோழிப்பண்ணை வழியாக மல்லசமுத்திரம்

— ஏனுங்க சந்தோசு, மல்லசமுத்திரம் நெட் லைனுக்கு ரூட்டர்ல காஸ்ட் ஆயிரம்னு போட்டது நீங்களா?

— ஆமாங்க மது மேடம். நானே குழி தோண்டி நானே இழுத்த புது ஃபைபருங்க. பட்டுச்சேலைக்கும் ஈரிழைத் துண்டுக்கும் ஒரே வெலையா போடுவாங்க? நல்ல சாமானாச்சேன்னு ஆயிரம் போட்டேன்.

— அய்யோ சாமி! சிரிச்சுச் சிரிச்சு வவுறு புடிச்சுக்கிச்சு. அது மதிப்பு இல்லீங்க, செலவு! இந்த ரூட்டர் இருக்குதே, சரியான பிசினாறி. எந்த வழியில செலவு கம்மியோ அதுலதான் போவும்.

— அப்ப நம்ம திருச்செங்கோட்டு ஆபீசுல இருந்து நேராப் போவாதுங்களா?

— எப்படிங்க போவும்? நேர் லைனுக்கு ஆயிரம். ராசிபுரம் டவருக்குப் பத்து, அங்கிருந்து கோழிப்பண்ணை டவருக்குப் பத்து, பண்ணையில இருந்து மல்லசமுத்திரத்துக்குப் பத்து. நீங்களே கூட்டிப் பாருங்க.

— முப்பது. அட ஆமாங்க! அப்ப ஊரு மொத்தத்து நெட்டும் காலையில இருந்து கோழிங்க தலைக்கு மேலயா போவுது?

— பின்ன? அந்த ஒத்த டவரு எத்தன பேரத் தாங்கும்? மல்லசமுத்திரத்துல எங்கூட்டுல அப்பா போன்ல நியூஸ் பாத்துட்டு இருந்தாராம். படம் அப்படியே நின்னு, நியூஸ் வாசிக்கிற அம்மா தொறந்த வாய மூடவே இல்லியாம்.

— மாமா என்னங்க சொன்னாரு?

— மாமாவாம் மாமா! சம்மந்தமே இன்னும் பேசல. இருங்க, ஆயிரத்த எடுத்துட்டு ஒண்ணு போடறேன்… ஆங், திரும்பிருச்சு! பாருங்க, பூராவும் நேர் லைனுக்கு வந்திருச்சு!

— யப்பா, என்னமா பறக்குதுங்க! நம்ம விசயமும் இப்படிப் பறந்தா எப்படி இருக்கும் மேடம்!

— அது எங்க மாட்டிக்கிட்டு நிக்குதுன்னே தெரியல. உங்கம்மா சௌந்திரம் அத்தைகிட்டச் சொல்லி, அத்தை எங்கம்மாகிட்டச் சொல்லி, அம்மா அப்பாகிட்டச் சொல்லி…

— எங்கம்மா பொங்கலப்பவே சொல்லிட்டாங்களே. உங்கத்தைதான் பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டறாங்களாம்.

— பாத்துக்கிட்டே இருக்கட்டும். நாளைக்குப் பள்ளிபாளையத்துக்காரங்க என்னைப் பொண்ணு பாக்க வாராங்க.

— நாளைக்குங்களா! ஏனுங்க, நீங்களே மாமாகிட்ட நேராச் சொல்லிப்புடலாமுல்ல?

— எங்கப்பாகிட்டயா? அம்மாடி! அவரு முன்னால நின்னா எனக்கு நாக்கே பொரளாது.

— உங்கள எப்பவாச்சும் திட்டியிருக்காருங்களா?

— இல்ல.

— கை ஓங்கியிருக்காருங்களா?

— சேச்சே, அவரா? ஒரு நாளும் இல்ல.

— அப்ப அந்த லைனுக்கு ஆயிரம்னு போட்டு வெச்சது யாருங்க மேடம்?

— அடப் போங்க சந்தோசு… ஆனா சரியாத்தான் கேக்கறீங்க.

— சிரிக்காதீங்க. போனப் போடுங்க.

— சிரிப்ப அடக்க முடியல. ரிங் போவுது! ஸ்பீக்கர்ல போடறேன், மூச்சு விடப்படாது நீங்க.

— அம்மிணி! நெட்டு வந்திருச்சு சாமி, தண்ணியாட்டம் ஓடுது!

— அப்பா, நான் அதுக்குக் கூப்பிடலீங்க. நம்மூருக்கு லைன் இழுத்தாரே, சந்தோசு… எனக்கு அவரத்தான் கட்டிக்கோணும். நாளைக்கு அவங்கள வர வேண்டாமுன்னு சொல்லிருங்கப்பா.

— இரு சாமி, வெளித் திண்ணைக்கு வந்துக்கறேன்.

— அப்பா? இருக்கீங்களாப்பா?

— இருக்கறேன் சாமி. அந்தப் பையன உனக்குப் புடிச்சிருக்கான்னு நேராக் கேக்க எனக்குக் கூச்சமாப் போயி, பொங்கலப்பவே சௌந்திரத்துகிட்டச் சொல்லிக் கேக்கச் சொன்னனே. பதிலே வரலீன்னுதான் பள்ளிபாளையத்துக்காரங்கள வரச் சொன்னேன். அவ உங்கிட்டக் கேக்கவே இல்லையா?