டாக்டர் மஸூதா மெயின்லேண்டுக்குப் போன காரணம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அந்தமான் தமிழர் சங்கத் தலைவர் ஜம்புலிங்கம் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் மஸூதாவின் தந்தை சேக் தாவூத் அவர்களே, ஆஸ்பத்திரித் தோழர்களே, லம்பா லைனிலிருந்து மழையில் நடந்து வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் கோவிந்தராஜின் வணக்கம்.

மஸூதா மெயின்லேண்டில் காய்ச்சலில் இறந்தார். தந்தி இங்கே வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. துறைமுகத்தில் கப்பலும் இல்லை. பெற்ற தகப்பனுக்கு ஒரு பிடி மண் போடக்கூடக் கொடுத்து வைக்கவில்லை.

ஜவுளிக்கடைக்காரர் மகள் டாக்டராகத் திரும்பியபோது இந்த ஊரே கப்பல் வந்து சேரும் ஜெட்டியில் நின்றது. ஆனால் அவர் எவ்வளவு தனியாகப் படித்தார் என்பது யாருக்குத் தெரியும்? அந்தமானா, கைதி பரம்பரையா என்று கேட்டுவிட்டு, கல்லூரி மெஸ்ஸில் அவர் மேசையை விட்டு எழுந்து போவார்களாம்.

கார் நிக்கோபாரில் அவரும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் டாக்டர்களாக வேலை பார்த்தோம். தீவுப் பிள்ளைகளுக்கென்று, மஸூதா படித்த அதே மருத்துவக் கல்லூரியில் இடம் ஒதுக்கினார்கள். அதற்கு ஆள் தேடிக் கிராமம் கிராமமாகப் போனவர் மஸூதா. எஸ்தர் என்ற நிக்கோபாரிப் பெண்ணை, வீட்டாரிடம் மன்றாடிக் கப்பலேற்றினார். முதல் வருஷம் முடியுமுன்பே எஸ்தர் திரும்பி வந்துவிட்டாள்.

பரீட்சையில் தோற்றா வந்தாள்? இல்லை! நல்ல மார்க். பேச ஆளில்லாமல் வந்தாள். தன் பாஷையைக் காதால் கேட்பதற்காகக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனக்குத்தானே பேசினாளாம்.

இந்தப் பிள்ளைகளுக்கு டாக்டர் படிப்பு ஒத்துவராது, இடத்தை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்று மேலே பேச்சு எழுந்தது. மஸூதா வாதாடவில்லை. அந்தக் கல்லூரி விடுதியில் வார்டன் வேலை காலியாக இருந்தது. அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எஸ்தரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

கல்யாணம் பேசி முடிக்கிற நேரத்தில் எதற்குப் போகிறாய் என்று தாவூத் பாய் ஜெட்டியில் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"நான் படிக்கிறப்ப யாராச்சும் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காருவாங்களான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன் வாப்பா. கடைசி வரைக்கும் யாரும் வரல. இவளுக்காச்சும் நான் போறேன்."

போனார். எஸ்தர் படித்து முடித்தாள். இன்று கார் நிக்கோபாரில் அவள் டாக்டர். அவளுக்குப் பின்னால் போன பிள்ளைகளில் ஒருவர்கூடப் பாதியில் திரும்பவில்லை. ஒருவர்கூட!

ஆனால் மஸூதா? லீவில் பிள்ளைகளையெல்லாம் கப்பலேற்றிவிட்டு, தனக்கு டிக்கெட் கிடைக்காமல் பூட்டிய விடுதியில் தங்கிவிடுவார். ஒரு பெருநாளன்று போய்ப் பார்த்தேன். அத்தனை பெரிய கட்டடத்தில் ஒற்றை ஆள். எனக்குச் சேமியா காய்ச்சிக் கொடுத்தார். தனியாக இருப்பது பழகிவிட்டதா என்று கேட்டேன்.

"பழகல டாக்டர் சாப்," என்றார். "ஜூலையில எல்லாம் வந்துருவாங்க."

அவருடைய உடல் வைத்த சந்தூக்கைப் பள்ளிவாசல்காரர்களோடு சேர்ந்து நிக்கோபார் மாணவர்களும் தோளில் சுமந்தார்கள் என்று, அவர்கள் எழுதிய கடிதத்தைப் பார்த்து எஸ்தர் சொன்னாள். தாவூத் பாய், உங்களிடம் இதைச் சொல்லத்தான் இன்று மேடையேறினேன்.

நண்பர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசியவர்கள் எல்லோரும் சொன்னோம். சொன்னவர்களில் யாராவது ஒருவர் போக வேண்டும் அல்லவா? இந்த வருஷத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கப்பலில் புறப்படுகிறார்கள். மஸூதா பார்த்த அந்த வார்டன் வேலைக்கு நான் சம்மதம் சொல்லிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் இங்கே படிப்பதால் என் மனைவி இந்திராணி டெலானிபூர் குவார்ட்டர்ஸிலேயே இருப்பாள். அவர்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். போய் வருகிறேன்.