கெத்தின் வெட்டிய கழி

என் பெயர் மெய்னிர் ப்ராபர்ட். வயது ஐம்பத்தேழு. விலாசம் பென்லான் மேடு, மேற்கு வேல்ஸ். வீட்டு எண் கிடையாது, ஏனென்றால் வீடு இன்னும் முடியவில்லை. ஐந்து வருடமாக அதே நிலத்தில் ஒரு பழைய கேரவனில் குடியிருக்கிறேன். உடன் யாரும் இல்லை. வட்ட வீடுகளுக்குக் கூரை ஏற்றுவது என் தொழில். இந்தப் பள்ளத்தாக்கில் உள்ள பதினோரு வட்ட வீடுகளில் ஒன்பதின் கூரை நான் முன்னின்று ஏற்றியது. மற்ற இரண்டும் ஒழுகும்.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் போலீஸ் அதிகாரி முதலில் எச்சரித்தார். தெரிந்துதான் வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

அதிகாரி கேட்டதால் கூரையைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கூரைக்கு நடுத்தூண் இல்லை. பதின்மூன்று லார்ச் மரக்கழிகளின் அடிப்பக்கம் சுற்றுச்சுவர் மேல் இருக்கும். நுனிப்பக்கம் ஒவ்வொரு கழியும் முந்தின கழியின் மேல் படுக்கும். கடைசிக் கழி பன்னிரண்டாவதின் மேலே ஏறி, முதல் கழிக்கு அடியில் நுழைய வேண்டும். அதுவரை முதல் கழியைத் தாங்க நடுவில் ஒரு முட்டுக்கொடுப்போம். அதைச் சார்லி என்று கூப்பிடுவது வழக்கம். கடைசிக் கழி நுழைந்ததும் சார்லியை அடித்துத் தள்ளிவிட்டால் கூரை ஒரு கை அகலம் இறங்கி, தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். கடைசிக் கழியை நுழைக்க முதல் கழியை நாலு பேர் தூக்கிப் பிடிக்க வேண்டும். தனி ஆளால் முடியாது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கழி நாள் என்றால், அழைக்கப்பட்டவர் ஒவ்வொருவரும் தாமே வெட்டிப் பட்டை உரித்த கழி ஒன்றைத் தோளில் கொண்டுவருவார். வீட்டுக்காரர் ஆட்டுக்கறி சூப்பு வைப்பார். சார்லியைத் தட்டும்போது கழி கொடுத்த எல்லோரும் கூரைக்கு அடியிலேயே நிற்பார்கள். அதுதான் மரியாதை.

இந்த மாதம் பதினோராம் தேதி சனிக்கிழமை எனக்குக் கழி நாள். பதின்மூன்று வீட்டு வாசல் தபால் பெட்டியிலும் அழைப்பு போட்டிருந்தேன். காலை ஐந்து மணிக்கே எழுந்து பதினாலு பேருக்குச் சூப்பு வைத்தேன். மாலை நாலு மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. அதன் பிறகு அந்தச் சூப்பை நான் ஒருத்தியே ஆறு நாள் சாப்பிட்டேன்.

ஏன் வரவில்லை என்று அதிகாரி கேட்டார். எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்த விஷயம் என்றேன். அது ஒரு காரணம். இரண்டாவது காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அதன் பிறகு ஞாயிறு முதல் வியாழன் வரை நானே என் காட்டில் பதின்மூன்று கழி வெட்டி, பட்டை உரித்து, கயிறும் கப்பியும் வைத்துப் பன்னிரண்டை ஏற்றினேன். பதின்மூன்றாவது நுழையவில்லை. அடுத்த நாள் இரவு புயல்காற்று என்று வானொலியில் சொன்னார்கள். சார்லி மேல் மட்டும் நிற்கும் கூரை புயலில் தங்காது.

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு பத்துக்கு அவசர எண்ணுக்குப் போன் செய்தேன். முட்டு சாய்கிறது, கூரைக்கு அடியில் ஒரு பெண் மாட்டிக்கொண்டாள் என்று சொன்னேன். பெயரைச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்துத் தீயணைப்புக் குழுவில் முழுநேர ஆட்கள் இல்லை. மணி அடித்தால் ஊர்க்காரர்களே போட்ட வேலையைப் போட்டபடி ஓடி வருவார்கள். அந்தக் குழுவில் ஆறு பேர். ஆறு பேருக்கும் நான் அழைப்பு போட்டிருந்தேன். மணி அடித்தால் அவர்கள் வந்தே ஆக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

அவர்கள் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. வண்டிச் சத்தம் கேட்டதும் சார்லிக்குத் தோள் கொடுத்து நின்றுகொண்டேன். முதலில் உள்ளே வந்தது குழுத் தலைவி நெரிஸ். ஒரு காலத்தில் என்னுடன் ஒன்பது கூரையிலும் ஏணி பிடித்தவள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நேராக வந்து சார்லி மேல் கை வைத்து, ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை. பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "இது நல்லாத்தான் நிக்குது, மெய்னிர்."

நான் சார்லியிலிருந்து தோளை எடுத்தேன்.

பின்னால் வந்த ஓட்டுநர் டில்வின் சுற்றிலும் பார்த்துவிட்டு, "போன சனிக்கிழமை விருந்துக்கு இன்னிக்குத்தான் வந்து சேந்தோம் போல. சூப்பு மிச்சம் இருக்கா?" என்று கேட்டான். மத்தியானம்தான் தீர்ந்தது என்றேன். உண்மையில் அன்று மத்தியானம்தான் தீர்ந்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். நெரிஸ் சிரிக்கவில்லை. அவள் மேலே பன்னிரண்டு கழியையும் எண்ணிப் பார்த்தாள். அதன் பிறகு, "இப்படியே விட்டுட்டுப் போனா ராத்திரிக் காத்துல சரிஞ்சிடும். கடைசிக் கழியைப் பூட்டிட்டுப் போவோம். தூக்குங்கப்பா," என்றாள்.

நாலு பேர் முதல் கழியைத் தூக்கினார்கள். நான் ஏணி மேல் நின்று பதின்மூன்றாவதை நுழைத்துக் கட்டினேன். ஏணியை நெரிஸ் பிடித்தாள். வேலை பதினைந்து நிமிடம்தான். ஐந்து நாள் நான் தனியாக மல்லுக்கட்டிய வேலை.

அதன் பிறகு சார்லியைத் தட்ட வேண்டும். பாதுகாப்பு விதிப்படி எல்லோரும் வெளியே போக வேண்டும் என்று நெரிஸ் உத்தரவிட்டாள். எல்லோரும் போனார்கள். அவள் போகவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றவும் இல்லை. என் வேலையைப் பற்றி அவள் அபிப்பிராயம் அது என்று எடுத்துக்கொண்டேன். சுத்தியலால் மூன்று அடி அடித்தேன். சார்லி விழுந்தது. கூரை ஒரு கை அகலம் இறங்கி, லேசாகத் திரும்பி, நின்றது.

நெரிஸ் மேலே பார்த்தபடியே, கழிகளை யார் வெட்டியது என்று கேட்டாள். நான் என்றேன்.

"பதிமூணுமா?"

"பதிமூணும்."

அவள் வெளியே போய், வண்டியில் உட்கார்ந்து அறிக்கை எழுதினாள். அதில் முட்டு உறுதியாக இருந்தது, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை, அழைப்பு பொய் என்று எழுதியிருக்கிறாள். அதிகாரி அதை எனக்குப் படித்துக் காட்டினார். ஒவ்வொரு வரியும் சரி. அந்த நேரத்தில் வேறு எங்காவது தீப்பிடித்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று அதிகாரி கேட்டார். அதை நினைத்து மூன்று இரவாகத் தூங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது இரண்டாவது காரணம். வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அதிகாரி சொன்னார். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் நெரிஸ் வீட்டுக் கழி நாள். அவள் தம்பி கெத்தின் அதற்காக ஒரு கழி வெட்டி வைத்துவிட்டு, நாள் வருவதற்குள் நெஞ்சு நோயில் இறந்துவிட்டான். அவன் கழியை நெரிஸே தோளில் சுமந்து வந்தாள். நான் வழக்கம்போல ஒவ்வொரு கழியையும் தட்டிப் பார்த்தேன். அதில் சத்தம் சரியில்லை என்று பட்டது. உள்ளே உளுத்திருக்கிறது, இது ஆகாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவள் கெஞ்சினாள். நான் கேட்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நடுவில் அறுத்தேன்.

உளுப்பு இல்லை. வெண்ணெய் மாதிரி சுத்தமாக இருந்தது.

நான் இரண்டு துண்டையும் சூப்பு அடுப்பில் வைத்துவிட்டு வந்து, நான் சொன்னபடியே உளுத்திருந்தது என்றேன். நெரிஸ், "காட்டு, நான் பாக்கணும்," என்று ஓடினாள். அதற்குள் பற்றிக்கொண்டது. அன்றைக்கு என் வாயிலிருந்து உண்மை வரவில்லை. அதன் பிறகு அவள் என் வாசலுக்கு வரவில்லை, அவளைப் பார்த்து மற்றவர்களும் வரவில்லை. அவர்கள் செய்தது நியாயம். போன வெள்ளிக்கிழமை நெரிஸ் கண்ணால் கண்டதை அன்றே அறிக்கையில் எழுதிவிட்டாள். நான் கண்டதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று குழுத் தலைவிக்குப் போகும் என்று அதிகாரி சொன்னார். வேறு எதை அனுப்பினாலும் அவள் பிரிக்கமாட்டாள்.

இருபதாம் தேதி திங்கட்கிழமை, யார் வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை இவை. எழுதியதை அதிகாரி முழுவதும் படித்துக் காட்டினார். ஒரே ஒரு திருத்தம் கேட்டேன். கெத்தினின் கழி "நன்றாக இருந்திருக்கக்கூடும்" என்று அவர் எழுதியிருந்தார். அதை அடித்து, "நன்றாக இருந்தது" என்று மாற்றச் சொன்னேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் உள்ளது.

(ஒப்பம்) மெய்னிர் ப்ராபர்ட்