கழுதைக்கு வந்த மச்சம்

எமர்ஜென்சி சமயம். திருவண்ணாமலையில் புறப்பட்ட பஸ்ஸில், என் முன் சீட்டில் பேச்சு கேட்டது.

"நீ திருட்டுத்தனமா போட்ட படக்கதையில கழுதைக்கு எதுக்குடா மச்சம் வெச்ச?" என்றார் எங்கள் தெரு டீக்கடைக்காரர்.

பக்கத்திலிருந்தவன் விரலெல்லாம் மை. "நான் வெக்கல மாமா. காப்பி எடுக்கிற மெஷின்ல ஸ்டென்சில் தாள் கிழிஞ்சிடுச்சு. ஓட்டையில மை இறங்கி, எல்லா காப்பியிலயும் கன்னத்துல மச்சமா வந்துடுச்சு."

"இன்ஸ்பெக்டருக்கும் அங்கதான்டா மச்சம்! கடையில உக்காந்து முழுசா படிச்சாரு."

"கத்தினாரா?"

"சிரிச்சாரு. குரைக்கிற நாய் கடிக்காது. இது சிரிக்குதேடா!"

"யார் போட்டதுன்னு கேட்டாரா?"

"தெரியாதுன்னேன். 'கையில மை இருக்கும், புடிச்சிடலாம்'னாரு."

கண்டக்டர் வந்து, "டிக்கெட்" என்று கை நீட்டினார். அவன் இரண்டு கைகளையும் வேட்டிக்குள் ஒளித்துக்கொண்டான்.

"மாமா, எனக்கும் நீங்களே வாங்கிடுங்க."