மூன்றாவது சிவப்பு

எங்கள் வீட்டில் தக்காளி வாங்குவது நான்தான். காலையில் கூடைகளை இறக்கும் நேரத்துக்கே கச்சிராயபாளையம் கடைத்தெருவுக்குப் போய்விட்டால் நல்ல பழமாகப் பொறுக்கலாம். என் மனைவி தேவிப்ரியா கடைக்கு வருவதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஏன் வருவதில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உட்காருங்கள் மேடம். அவள் குழந்தையோடு சின்னசேலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்கால பஸ்ஸில்தான் வருவாள். அதற்குள் பேசி முடித்துவிடலாம் என்றுதான் உங்களை இப்போதே வரச் சொன்னேன்.

நீங்கள் விசாரிப்பது கண்ணகியின் சாவை. கல்வராயன் மலையில் பிரசவத்தின்போது ரத்தப்போக்கில் இறந்துபோன பெண். ஏற்கனவே ரத்தம் குறைவாக இருந்தவள். முன்கூட்டியே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள். கொண்டுவராததற்குத் தானே காரணம் என்று, அவளுக்கு ரத்தம் பார்த்த தேவிப்ரியா எழுதிக் கொடுத்திருக்கிறாள். ரத்தத்தின் நிறத்தைச் சரியாகப் பார்க்காமல், அளவு எட்டு என்று பதிய வேண்டியதைப் பத்து என்று பதிந்துவிட்டதாக. ஆனால் நீங்கள் எடுத்துப் பார்த்த பதிவில் எட்டு என்றே இருக்கிறது. இரண்டில் எது சரி என்று கேட்கிறீர்கள்.

பதிவுதான் சரி. அவள் கண்ணும் சரியாகத்தான் இருந்தது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். தகவல்களைச் சேர்த்து வைத்து, கேள்வி கேட்டால் பதில் எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்றை எங்கள் நிறுவனம் செய்கிறது. எழுதுபவன் ஆகாஷ், சென்னையில் இருக்கிறான். அவன் எழுதியதைச் சோதிப்பவன் நான். என் பொறுப்பில் இருந்தவை இரண்டு வகைக் கேள்விகள். இந்தப் பெயர் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பது ஒன்று. இந்த எண் இதிலிருந்து இதுவரைக்குள் வருகிறதா என்பது இன்னொன்று. கேட்டால் சிறுபிள்ளை வேலை போலத் தெரியும். ஆனால் தவறுகள் நடுவில் இருப்பதில்லை, விளிம்பில்தான் ஒளிந்திருக்கும்.

சோதிக்கும் முறை எளியது. சிறிய அட்டவணை ஒன்றைச் செய்து, கேள்வியை எழுதி, என்ன பதில் வர வேண்டும் என்பதையும் பக்கத்தில் நானே எழுதி வைப்பேன். வர வேண்டியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் அந்த வரி பச்சையாகும். இல்லாவிட்டால் சிவப்பாகும்.

மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு ரத்தம் பார்க்கும் தொண்டு அமைப்பு ஒன்று எங்கள் மென்பொருளை வாங்கியது. தேவிப்ரியா அந்த அமைப்பின் களப்பணியாளர். விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தாளில் ஒற்றி, நிற அட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அட்டையில் ஆறு சிவப்புகள், வெளிறியதிலிருந்து கருஞ்சிவப்பு வரை. ஒவ்வொன்றுக்கும் ஹீமோகுளோபின் அளவைக் காட்டும் ஓர் எண்: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு. நடுவே ஏழோ ஒன்பதோ கிடையாது. மூன்றாவது சிவப்பு எட்டு. மலையில் ரத்தம் குறைந்த பெண்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்த மூன்றாவது சிவப்புதான்.

எட்டு வரை உள்ளவர்களைக் கீழே கொண்டுவந்து மருத்துவம் பார்க்க வேண்டும் என்பது அமைப்பின் விதி. வாராவாரம் மென்பொருளிடம் ஒரே கேள்வி: இந்த ஊர்களில், நான்கிலிருந்து எட்டு வரை உள்ளவர்கள் யார். வரும் பெயர்கள் அவள் போனுக்குப் போகும். அவள் ஜீப்பில் ஏறி ஊர் ஊராகப் போய் அவர்களை அழைத்து வருவாள்.

அந்த ஜீப்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் முதல் குழந்தை நான்காம் மாதத்தில் கலைந்தது. அதற்கு முந்தின நாள் அவள் மேல்மலையில் ஓர் ஊருக்குப் போய் வந்திருந்தாள். அந்தப் பாதையில் ஜீப் போவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உள்ளே இருப்பவர்களின் தலை கூரையில் இடிக்கும். டாக்டர் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார். டாக்டர் ஜீப்பில் போனதில்லை. அவள் மறுபடி கர்ப்பமானதும் வேலையை விடச் சொன்னேன்.

"இன்னாங்க நீங்க, அந்தப் பொண்ணுங்களும் வயித்துல சொமந்துக்கினுதான வருதுங்க, அதே ஜீப்புல? எனக்கு மட்டும் வயிறு கண்ணாடியா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. நான் கெஞ்சிய விதத்தை அவள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். என் பேச்சை யாராவது கேட்டிருந்தால் இந்த விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அந்த மாதம்தான் மென்பொருளின் புதிய பதிப்பு என் கைக்கு வந்தது. முதலில் பட்டியல் கேள்விகளைப் பார்த்தேன். அதில் ஒரு தவறு இருந்தது. இன்னின்ன ஊர்கள் நீங்கலாக மற்றவர்களைக் கொடு என்று கேட்கும்போது, அந்த ஊர்ப் பட்டியலில் ஓர் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் ஒருவர்கூட வரவில்லை. அதை உடனே ஆகாஷுக்கு எழுதினேன். அன்றே திருத்திவிட்டு, "அண்ணே, நீங்க இல்லன்னா எங்க மானமே போயிருக்கும்" என்று பதில் போட்டான். நான் கவனமாக வேலை செய்பவன் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மறுநாள் எல்லைக் கேள்விகள். தசம எண்களில் எல்லாம் சரியாக இருந்தது. 7.9 வந்தது, 8.0 வந்தது, 8.1 வரவில்லை. ஆபீஸில் வேறு யார் பார்த்தாலும் அதோடு எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். நிற அட்டை என் வீட்டு அலமாரியில் இருந்ததால், மலையிலிருந்து வருபவை முழு எண்கள் என்பது எனக்குத் தெரியும். முழு எண்களை வைத்துப் பார்த்தேன். நான்கிலிருந்து எட்டு வரை என்று கேட்டேன். நான்கு வந்தது, ஆறு வந்தது, எட்டு வரவில்லை. வரி சிவப்பானது.

அந்தத் தவறை நான் செய்யவில்லை. அது அங்கே இருந்தது. ஆகாஷுக்கு எழுத மூன்று வரி தட்டினேன். பிறகு அவற்றை அழித்தேன். வர வேண்டிய பதில் என்ற இடத்தில் நான்கு, ஆறு, எட்டு என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதில் எட்டை மட்டும் எடுத்துவிட்டேன். மறுபடி ஓட விட்டேன். பச்சையானது.

முதல் நாள் தவறைச் சொன்னவன் இரண்டாம் நாள் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். ஒருவருமே வராவிட்டால் யாராவது ஏன் என்று கேட்பார்கள். சிலர் வராவிட்டால் கேட்க மாட்டார்கள்.

யாருமே கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஜீப் ஓட்டும் ராசு கேட்டான். காலையில் அவளை ஏற்றிக்கொள்ள வந்தவன் வாசலில் நின்று, "இன்னா அக்கா, இந்த வாரமும் ரெண்டே பேருதானா? வண்டிக்கே கூச்சமா இருக்குது. மலையில எல்லாருக்கும் ஒரே வாரத்துல ரத்தம் ஊறிடுச்சா?" என்றான்.

"ஊறட்டுமே, உனக்கு இன்னா வயித்தெரிச்சல்?" என்றாள் அவள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். முருங்கைக்கீரையும் மாத்திரையும் வேலை செய்கின்றன என்று நம்பினாள். அமைப்பின் கூட்டத்தில் மலையில் ரத்தசோகை குறைந்திருக்கிறது என்று கைதட்டினார்கள். ரத்தம் எடுக்கும் சுற்றுகளைத் தவிர, பல வாரங்கள் ஜீப் மேல்மலைக்குப் போகவே இல்லை. அவள் மதியமே வீட்டுக்கு வந்தாள். வயிறு வளர்ந்தது. சோற்றைப் போட்டுக்கொண்டு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன்.

கண்ணகி போன் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலையில் சிக்னல் கிடைக்கும் பாறைவரை நடந்து வந்து பேசியிருக்கிறாள். மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது.

"அக்கா, எம் பேரு வந்துச்சாக்கா? நாலு எட்டு வெச்சா கண்ணு இருட்டிக்கினு வருது. கீழ இட்டுக்கினு போறன்னு சொன்னியே."

தேவிப்ரியா போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அவ பேரு வரலங்க. எட்டுதான் போட்டேன்னு ஞாபகம். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

பதிவு எங்கள் கணினிக்கு வந்து சேர்ந்ததும் களப்பணியாளரின் போனிலிருந்து போய்விடும். பராமரிப்பு எங்கள் ஆபீஸ் என்பதால் நான் பார்க்க முடியும். கணினியைத் திறந்து பார்த்தேன். எட்டு என்று இருந்தது.

"பத்துன்னு இருக்குது" என்றேன்.

"பத்தா? நல்லா பாத்தேனேங்க. வெயில்லதான வெச்சிப் பாத்தேன்."

"புளியமரத்தடியிலதானே உக்காருவீங்க. நெழல்ல நெறம் மாறித் தெரியும்."

"எட்டுன்னா வந்திருக்கும் இல்ல?"

"எட்டுன்னா கண்டிப்பா வந்திருக்கும். நானே சோதிச்சது."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பட்டியலில் இல்லாதவளை ஜீப்பில் ஏற்றலாமா என்று மட்டும் யோசித்தாள். வேலை போய்விடும் என்றேன். அடுத்த சுற்றில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தாள். அந்தச் சுற்றுக்கு முன்பே கண்ணகிக்கு வலி கண்டுவிட்டது. குழந்தை பிழைத்தது. அவளைத் தூளியில் கட்டித் தூக்கிவந்தவர்கள் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள்.

அவள் புருஷன் வேடியப்பன் பிறகு ஒரு நாள் இங்கே வந்தான். சண்டை போட வரவில்லை. நீங்கள் இருக்கும் அதே நாற்காலியில், முனையில் உட்கார்ந்திருந்தான். "ஒண்ணும் இல்லம்மா. எல்லாரையும் இட்டுக்கினு போனீங்க, அவள மட்டும் ஏன் வுட்டீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். எங்க அம்மா கேட்டுக்கினே இருக்குது" என்றான்.

தேவிப்ரியா அவன் காலருகே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கண்ணுதான் தம்பி தப்பாப் பாத்துடுச்சு. என் கண்ணுதான்" என்றாள். அவனுக்கு அது புரியவில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி தரையில் உட்காரக் கூடாது என்று அவளை எழுப்பிவிட்டுப் போனான். நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மறுநாள் அவள் அந்த வாக்குமூலத்தை எழுதினாள். ஒரு வார்த்தையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலையையும் விட்டாள். எங்கள் மகள் குறைவில்லாமல் பிறந்தாள்.

நீங்கள் கேட்கத் தயங்குவதை நானே சொல்லிவிடுகிறேன். அவள் வீட்டோடு வந்துவிட்ட பிறகாவது ஏன் ஆகாஷிடம் சொல்லவில்லை? அவனுக்கு அரை மணி நேர வேலை. ஆனால் ஒவ்வொரு திருத்தத்தோடும் எது தவறாக இருந்தது என்று ஒரு குறிப்பு எல்லோருக்கும் போகும். அமைப்பில் இருக்கும் அவள் தோழிகள் அதைப் படிப்பார்கள். விடுபட்ட எட்டுகள் எல்லாம் ஒரே வாரத்தில் பட்டியலில் வந்து நிற்கும். தன் கண் தப்பாகப் பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால், பத்து என்று சொன்னது யார் என்பதும் தெரியும். அதனால் அப்படியே விட்டேன். இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

அவளுக்குப் பதிலாக வந்தவளும் நன்றாக ரத்தம் பார்ப்பவள். அவளும் எட்டுகளை எட்டு என்றே பதிகிறாள். சின்னப்பொண்ணு என்ற பெண் ஆடி மாதம் இறந்தாள். அவள் உங்கள் தாளில் இல்லை. அவள் எண்ணும் எட்டு. வேறு யாரும் இருக்கிறார்களா என்று நான் தேடவில்லை. தேடினால் தெரிந்துவிடும் என்பதால்.

சோதனையில் எட்டை அழித்தது நான். கண்ணகிக்குப் பத்து என்று சொன்னது நான். சாவுக்குப் பிறகும் சும்மா இருந்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மென்பொருளை இன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். தேவிப்ரியாவின் வாக்குமூலத்தை மாற்றாமல் விட முடியுமா? கண் தவறிவிட்டது என்ற துக்கத்துக்கு அவள் பழகிவிட்டாள். நன்றாகத்தான் இருக்கிறாள். சிவப்பான எதையும் தன் கண்ணை நம்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். குழந்தைக்கு உடம்பு சூடானால் முகம் சிவந்திருக்கிறதா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பாள். மிளகாய் பழுத்துவிட்டதா என்று கேட்பாள். கடையில் தக்காளிக் கூடையின் முன்னால் எது பழம் எது காய் என்று தெரியாமல் நின்றாள் என்றுதான் அந்த வேலையை நானே எடுத்துக்கொண்டேன். வீட்டில் ஒவ்வொரு பழமாகக் கையில் கொடுத்து, இது சிவப்பு, இது இன்னும் காய் என்று சொல்வேன். அவள் தலையாட்டி வாங்கிக்கொள்வாள்.

நிறத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை மேடம். சொன்னது எண்ணைப் பற்றி மட்டும்தான்.