இஞ்ஞாசியும் அதிமதுரமும்

பிரியமானவங்களே, பேசிக்கிட்டிருந்ததை ஒரு நிமிஷம் அப்படியே வச்சிட்டு, ஒரு சின்னக் கதை கேளுங்க. கடலோர ஊர் ஒன்னுல இஞ்ஞாசின்னு ஒருத்தர். மீன் ஏலம் விடுறவர். அவர் குரல்... அது குரலா? கரையில நின்னு கூவினா, கட்டுமரத்துல வர்றவன் துடுப்பை நிறுத்திட்டுக் கேப்பான்!

அவருக்கு ரத்தக்கொதிப்பு. பிரஷர் மாத்திரையை ஒரு நாள் தவறவிட்டதில்ல. ஆனா குரலையும் காப்பாத்தணுமே! அதுக்கு அதிமதுரம். காலையில ஒரு துண்டு வேரைக் கடைவாயில அடக்கினா மத்தியானம் வரைக்கும் மெல்லுவார். சாயங்காலம் அதே வேரைப் பொடியாக்கி, தேன்ல குழைச்சு.

பிரஷர் ஏறிக்கிட்டே போச்சு. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்... குறையல. நீர் பிரியிறதுக்கு இன்னொன்னு சேர்த்தார்... அப்பவும் குறையல.

ஒரு நாள் காலையில பெரிய சீலா மீன் ஒன்னு ஏலத்துக்கு வந்திருக்கு. வாயைத் திறந்தார். "ஏ..." அவ்வளவுதான்! காலு ரெண்டும் துவண்டு மணல்ல உக்காந்துட்டார். நெஞ்சு தாறுமாறா அடிக்குது.

ஆஸ்பத்திரியில ரத்தத்தைச் சோதிச்சா, பொட்டாசியம்னு ஒரு சத்து, இதயம் ஒழுங்கா துடிக்கிறதுக்கு வேணும்ல அது, அடிமட்டத்துல கிடக்கு. டாக்டர் கேட்டார்: "வேற மருந்து எதுவும் சாப்பிடுறீங்களா?"

"இல்லய்யா."

பொய் சொல்லல! அவர் மனசுல அது மருந்தே இல்ல.

அங்க மெடில்டான்னு ஒரு நர்ஸ். டிரிப் ஏத்திக்கிட்டே கேட்டாங்க: "அண்ணே, மருந்தை விடுங்க. விடிஞ்சதுல இருந்து வாயில என்னென்ன போடுறீங்க?"

சம்சாரம் பிரகாசி முந்திக்கிட்டாங்க. "என்னத்தம்மா... சோறு, மீனு, டீ. இவரு பொழுதன்னைக்கும் அதிமதுரம் மெல்லுவாரு."

நர்ஸோட கை அப்படியே நின்னு போச்சு. "எத்தனை நாளா?"

"ஆச்சு, ரெண்டு வருஷம்."

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அதான் காரணம்! மாத்திரை பிரஷரை இறக்க, வேர் அதை ஏத்த... நீர் மாத்திரையும் வேரும் சேர்ந்து பொட்டாசியத்தை வடிச்சு... ஒரு மனுஷன் உடம்புக்குள்ள இவ்வளவும் நடந்திருக்கு, அவருக்கே தெரியாம! வேரை நிறுத்தினாங்க. சில வாரத்துல கொதிப்பு இறங்கிச்சு. டாக்டர் பார்த்து மாத்திரையையும் குறைச்சார்.

இஞ்ஞாசி மெடில்டாகிட்ட சொன்னார்: "விரல் தண்டி இல்லையே சிஸ்டர்... அத்தனை மாத்திரையையும் ஜெயிச்சிருக்கே!"

வேர் பொல்லாததா? இல்லவே இல்ல! ஆண்டவர் அதுக்குள்ள அவ்வளவு பலத்தை வச்சிருக்கார். பலம் இருக்கிறதாலதான் அதைத் தேடிப் போறோம். பலம் உள்ளது உள்ள போய்ச் சும்மா இருக்குமா? கஷாயமோ, லேகியமோ, மூட்டுவலிக்குக் கடையில நீங்களா வாங்குற மாத்திரையோ... "இதெல்லாம் ஒரு மருந்தா"ன்னு நீங்க தீர்ப்புச் சொல்லாதீங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவர் சொல்லட்டும். பயந்துபோய் பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தியும் போடாதீங்க.

உங்க உடம்பு அற்பமா? அது அதிசயம், பிரியமானவங்களே... நமக்கே முழுசாப் பிடிபடாத அதிசயம். அதைக் காப்பாத்த உக்காந்திருக்கிறவங்ககிட்ட பாதியை மறைச்சு வைக்கலாமா?