ஊர் மாறி வந்த கப்பல்

நாளைக்கா? நாளைக்கு இறங்கற ஊர்ல கப்பல்காரங்க போடற டூருக்குப் பணம் கட்டிடாதீங்க. நான் சொல்றேன் கேளுங்க. கோட்டையைக் காட்டறோம்னு கூட்டிட்டுப் போவாங்க. கோட்டையில கொஞ்ச நேரம் நிக்க வச்சுட்டு, அவங்களுக்குத் தெரிஞ்ச கடையில பாதி நாள் உக்கார வச்சுடுவாங்க. அந்தக் கோட்டைக்கு நாமளே நடந்து போயிடலாம். இல்ல, டாக்ஸிதான் வேணும்னா துறைமுக வாசல்ல நிக்கறவங்ககிட்ட பேச்சே குடுக்காதீங்க. ரெண்டு தெரு தள்ளிப் போய் ஏறுங்க. ஏறறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சுடுங்க.

இன்னைக்கு மாதிரி தூரமா இருக்கற அருவின்னா கதை வேற. அதுக்குக் கப்பல் டூர்தான். ஏன்னு கேளுங்க. அவங்க பஸ் நடுவழியில நின்னு போச்சுன்னாலும் கப்பல் நமக்காகக் காத்துக்கிட்டு இருக்கும். நாமளா ஊரைச் சுத்திட்டு லேட்டா வந்தா ஒரு நிமிஷம் நிக்காது. நாம இங்க கரையில நின்னு கத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான். போன தடவை ஒரு அம்மா அப்படி நின்னாங்களாம், கையில செருப்போட.

உக்காருங்களேன், நின்னுக்கிட்டே கேக்கறீங்க. இருங்க, பையை எடுத்துடறேன். அருவிக்குப் போன பஸ் எல்லாம் இந்த வாசல் வழியாத்தான் திரும்பி வரணும், இந்த பெஞ்சுதான் சரியான இடம். உங்க வீட்டுக்காரரும் அதுலதான் போயிருக்காரா? நீங்க போகலையா? அட, தலைசுத்தலா. முதல் தடவை கப்பல் ஏறினா அப்படித்தான் இருக்கும். கேபினுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா இன்னும் சுத்தும். வெளிய வந்து உக்காந்தீங்களே, நல்லது. என்ன? நீன்னே சொல்லட்டுமா? சரிம்மா. என் பொண்ணு வயசுதான் இருக்கும் உனக்கு.

எனக்கா? இதெல்லாம் எப்படித் தெரியும்னா, ஒரு வருஷமா இதே வேலையாத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் ஆபீஸ்ல நாலு குடும்பம் சேர்ந்து வந்திருக்கோம். எந்த ஊர்ல எங்க போறது, எங்க சாப்பிடறது, எந்தப் படிக்கட்டு ஏறினா முட்டி வலிக்கும், எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. கட்டிட்டாங்கன்னு சும்மா சொல்றேன், நானாத்தான் இழுத்துப் போட்டுக்கிட்டேன். ராத்திரி சமையல்கட்டைத் துடைச்சு முடிச்சதும் போனை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். முன்னாடி போய்ட்டு வந்தவங்க எழுதினதெல்லாம் படிப்பேன். எங்க வீட்ல என் பேரே கேப்டன்தான். கப்பலுக்கு ஒரு கேப்டன் இருந்தா என் குடும்பத்துக்கு இவ ஒரு கேப்டன்னு அவரு எல்லார்கிட்டயும் சொல்லிக் கிண்டல் பண்ணுவாரு.

இன்னைக்கு நான் எங்க போனேனா? எங்கயும் இல்ல. சும்மா அந்த மார்க்கெட் பக்கம் ஒரு நடை போய்ட்டு வந்தேன். நல்ல மார்க்கெட். நிறைய கடை, ஒரே கூட்டம்.

மூடி இருந்துச்சா?

நீ போனியா? காலையிலயா? வாரத்துல இன்னைக்கு அவங்களுக்கு லீவா... அப்படியா. ஓஹோ.

பாத்தியா. உன் பேரு கூட எனக்குத் தெரியாது. உன்கிட்ட பொய் சொல்லி எனக்கு ஆகப் போறது ஒண்ணுமில்ல. ஆனா இந்த வாய்க்குப் பழகிப் போச்சு. கேட்ட உடனே தானா வருது.

இல்லம்மா, நீ எதுக்கு மன்னிப்பு கேக்கற. நான்தான் கேக்கணும்.

சரி, உன்கிட்டயாவது உண்மையைச் சொல்றேன். நாம இந்த ஊருக்கு வர்றதா இல்லைல்ல? நமக்குப் போட்டிருந்தது அந்தத் தீவு. நான் அந்தத் தீவுக்கு என்னென்ன தேடி வச்சிருந்தேன் தெரியுமா. கலங்கரை விளக்கம், அடியில கண்ணாடி வச்ச படகு, மதியம் நிழலா உக்கார ஒரு தோட்டம். நேத்து காலையில சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது கேப்டன் மைக்குல சொன்னாரே, காத்து பலமா இருக்கு, தீவுல கப்பலைக் கட்ட முடியாது, அதுக்குப் பதிலா வேற ஊருக்குப் போறோம்னு. ஊர் பேரைச் சொன்னாரு. என் கையில இருந்த ஸ்பூன் கீழ விழுந்துடுச்சு. உலகத்துல எத்தனையோ துறைமுகம் இருக்கு, இந்தக் கப்பலுக்கு ஒதுங்க வேற இடமே கிடைக்கலையா?

ஏன்னா இது என் அக்கா ஊரு.

சிரிக்கற. அக்கா ஊரா இருந்தா சந்தோஷமாப் போய்ப் பாத்துட்டு வர வேண்டியதுதானேன்னு கேக்கற. என் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னாரு. அடடே, உங்க அக்கா ஊராச்சே, அதிர்ஷ்டத்தைப் பாரு, அத்தையையும் பாத்த மாதிரி ஆச்சு, அருவி கிடக்கட்டும், அக்கா வீட்டுக்கே போலாம்னு ஒரே குதி. அத்தைன்னா எங்க அம்மா. எங்க அம்மா அக்கா கூடத்தான் இருக்காங்க. படுத்த படுக்கைம்மா. புரட்டிப் போடறது, தூக்கி உக்கார வைக்கறது, துடைக்கறது, எல்லாமே அக்கா ஒருத்திதான். அத்தான் போய்ச் சேர்ந்துட்டாரு. புள்ளைங்க கிடையாது.

நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அவரு கண்ணு முன்னாலயே போனைக் காதுல வச்சுக்கிட்டேன். அந்தப் பக்கம் யாருமே இல்ல. அக்கா, அப்படியா, அம்மாவை வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா, வர ஒரு வாரம் ஆகுமா, அடடா, நாங்க வர்ற நேரம் பாத்தா இப்படி ஆகணும்னு நானே கேட்டு நானே பதிலும் சொல்லி, கடைசியில உடம்பைப் பாத்துக்கோன்னு கூட சொல்லி வச்சேன். அவரு பாவம், நம்பிட்டாரு. எனக்குத் தலைவலி, நீங்க எல்லாரும் அருவிக்குப் போங்கன்னு காலையில அனுப்பி வச்சேன்.

சண்டையா? சண்டை இருந்தாத்தான் நல்லா இருந்திருக்குமே. அவ என்கிட்ட ஒரு நாள் முகத்தைச் சுளிச்சது கிடையாது.

அக்காவுக்குக் கண்ணுல புரை. ரெண்டு கண்ணுலயும். ஆபரேஷன் பண்ணினா சரியாப் போயிடும், இன்னைக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்ல. ஆனா பண்ணிக்கிட்டா கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. குனியாம, தூக்காம எங்க அம்மாவை எப்படிப் பாக்கறது? அதனால எனக்குப் போன் பண்ணினா. ரெண்டே வாரம் வந்து அம்மா கூட இருடி, நான் கண்ணைக் காட்டிட்டு வந்துடறேன்னு கேட்டா. அவ என்கிட்ட வாயைத் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். கேக்கும்போதே, உனக்குத் தோதுப்பட்டா மட்டும்னு சேர்த்துக்கிட்டா.

அந்த ரெண்டு வாரத்துலதான் இந்தக் கப்பல் கிளம்புது.

முடியாதுன்னு சொல்லிட்டேன். இல்லம்மா, கப்பல்னு எப்படிச் சொல்றது? வேற ஒரு காரணம் சொன்னேன். என்ன காரணமா? அதை விடு, அதைக் கேக்காத. அவ கேட்டதும் பதறிப் போய், ஐயையோ, நீ எதுக்குடி இங்க வரணும், நான் பாத்துக்கறேன், என் கண்ணு எங்க ஓடிடப் போகுதுன்னு சொல்லி ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டா. அந்தத் தேதியை விட்டா அடுத்தது எப்பக் கிடைக்குமோ அவளுக்கு.

காசு திரும்பி வராதுன்னா? அதெல்லாம் பாதி வரும்மா. அதையும் நான் பாத்து வச்சிருந்தேன். காசு இல்ல விஷயம். எனக்கு ஆசையா இருந்துச்சு. கல்யாணம் ஆனதுல இருந்து நான் எங்கயும் போனதில்ல. ஒரு வருஷமா தேடித் தேடி வச்ச ஊரையெல்லாம் கண்ணால பாக்கணும்னு ஆசை. அப்புறம் இன்னொண்ணும் இருக்கு. அம்மாவை அப்படிப் பாக்க எனக்குப் பயம். நல்லா வாட்டசாட்டமா நடமாடின பொம்பளை. நான் கடைசியாப் போனப்ப அவங்களைத் தூக்கி உக்கார வைக்கணும்னு அக்கா கூப்பிட்டா, நான் பாத்ரூம்ல போய்த் தாப்பா போட்டுக்கிட்டு நின்னுட்டேன். அக்கா தனியாவே தூக்கிட்டா. அதுக்கப்புறம் நான் வரவே இல்ல. ரெண்டு வருஷம் ஆச்சு.

ஆமாம்மா. போனேன். இன்னைக்குப் போனேன்.

அவரை பஸ் ஏத்தி விட்டுட்டு, சொன்னேன்ல, ரெண்டு தெரு தள்ளிப் போய் டாக்ஸி பிடிச்சேன். தெருமுனையிலயே இறங்கிட்டேன். கப்பல் கடையில வாங்கின பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி, எல்லாம் மாட்டிக்கிட்டுத் திருடி மாதிரி நடந்தேன். உள்ள போறதா எண்ணமே இல்ல. ஜன்னல் வழியா அம்மா தெரிஞ்சா ஒரு பார்வை பாத்துட்டு வந்துடலாம்னுதான் போனேன். வாசல்ல கொடி கட்டிப் பெட்ஷீட்டா காயப் போட்டிருந்தா. ஒரு வீட்ல அவ்வளவு பெட்ஷீட்டை நான் பாத்ததே இல்ல. அக்கா அதையெல்லாம் எடுத்துக்கிட்டு இருந்தா. கண்ணால பாத்து எடுக்கலம்மா. கொடியைக் கையால தடவிக்கிட்டே போறா, கிளிப்பு தட்டுப்பட்டா எடுக்கறா. தட்டுப்படலைன்னா இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவறா. போன்ல என்கிட்ட, எல்லாம் நல்லாத்தான் தெரியுதுடின்னு சொல்லிக்கிட்டு இருந்தவ.

என் காலு அங்கயே நின்னு போச்சு. அவ திரும்பிட்டா. நேரா என்னைப் பாக்கறா. இந்த பெஞ்சுக்கும் அந்த கேட்டுக்கும் இருக்கற தூரம் கூட இல்ல. யாருங்க, யாரு வேணும்னு கேக்கறா. என்னைப் பாத்து, யாருங்கன்னு.

அந்த இடத்துல அக்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் முடிஞ்சிருக்கும். நான் தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, கட்டைக் குரல்ல, வீடு மாறி வந்துட்டேங்கன்னு சொன்னேன்.

உள்ள இருந்து அம்மா குரல். யாருடி அதுன்னு. உடம்பு போனாலும் அந்தக் குரல் போகல. அக்கா திரும்பி, யாரோ வீடு தெரியாம வந்திருக்காங்கம்மான்னு சொன்னா. வெயில்ல நிக்க வைக்காதடி, தண்ணி குடுன்னு அம்மா சொல்றாங்க. அக்கா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போய் ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்தா. அது வரைக்கும் ஓடிப் போயிருக்கலாம், நின்னுக்கிட்டேதான் இருந்தேன். கேட்டுக்கு மேல நீட்டினா. வாங்கிக் குடிச்சேன். டம்ளரைத் திருப்பிக் குடுத்தேன். தேங்க்ஸுங்கன்னு சொன்னேன். எங்க அக்காகிட்ட.

டம்ளரை வாங்கும்போது என் விரலையும் சேர்த்துப் பிடிச்சா. கொஞ்ச நேரம் விடல. அப்புறம் சொன்னா, போய்ட்டு வாங்க, வீட்டுக்காரர் உடம்பைப் பாத்துக்கோங்கன்னு.

பொதுவா சொல்லியிருப்பாங்களா? இருக்கலாம். எல்லாருக்கும் சொல்ற மாதிரி சொல்லியிருக்கலாம். நானும் டாக்ஸியில வரும்போது முழுக்க அதையேதான் எனக்குச் சொல்லிக்கிட்டு வந்தேன்.

அழலம்மா. காத்து. இந்தக் கடல் காத்து கண்ணுல அடிக்குது.

இப்பக் கூட நேரம் இருக்கா? இருக்கு. நல்லாவே இருக்கு. போய்ட்டு, அவ கால்ல விழுந்துட்டு, அம்மாவையும் பாத்துட்டுத் திரும்பி வர நேரம் இருக்கு. நான் கேப்டனாச்சே, அதெல்லாம் வந்த உடனே கணக்குப் போட்டுட்டேன். நேரம் இல்லைன்னா எவ்வளவு நிம்மதியா இருக்கும் தெரியுமா. அவ வாசல்ல போய் நிக்கலாம். ஆனா அவ ஒண்ணும் கேக்க மாட்டா. வாடின்னு கூப்பிட்டுச் சாப்பாடு போடுவா. அதை நான் எப்படிச் சாப்பிடறது?

ஹாரன் கேக்குதா? பஸ் வந்துடுச்சு, எழுந்திரு. உன் வீட்டுக்காரர் எங்க, அந்தக் கடைசி சீட்லயா? கை காட்டறாரு பாரு, நீயும் காட்டு. என்னவரா? அதோ, வண்டி முழுசா நிக்கறதுக்கு முன்னாடியே குதிச்சு இறங்கறாரு பாரு, தலையெல்லாம் ஈரம், துண்டைச் சுழட்டிக்கிட்டு. அவருதான். அருவியில ஆடியிருக்காரு மனுஷன்.

அவருக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் ஆகி மூணு வாரம் ஆகுதும்மா. கட்டிலை விட்டு எழுந்திருக்கக் கூடாது, பக்கத்துலயே நான் இருக்கணும். அக்காகிட்ட நான் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீ அவர்கிட்ட ஏதும் கேட்டுடாத. அவருக்கு இன்னும் தெரியாது.